மூன்றாவது கால்

கம்பளை நகரை விட்டு அம்புலுவாவ மலைக்கு ஏறும் பாதை நெஞ்சை அடைக்கும் செங்குத்து. உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,087 மீற்றர். அதற்கு மேலே 48 மீற்றர் உயரக் கோபுரம், அதைச் சுற்றி வெளிப்புறமாகவே வளைந்தேறும் ஒடுங்கிய படிகள். வானம் வெளித்த நாளில் தெற்கே சிவனொளிபாதமலை, மேற்கே பத்தலேகல, வடகிழக்கே நக்கிள்ஸ் தொடர் என்று மலையகம் கண் முன்னே விரிந்து கிடக்கும்.

இந்த அத்தியாயத்தின் முதல் பரிசோதனையை அங்கேயே செய்யலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனோகுலர் ஒன்றைக் கையில் ஏந்திச் சிவனொளிபாதமலையைப் பாருங்கள். மலை நடுங்கும். நடுங்குவது உங்கள் கை. கண்ணாடி அந்த நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. இப்போது இரு முழங்கைகளையும் மதிலில் ஊன்றுங்கள். நடுக்கம் பாதிக்குமேல் அடங்கிவிடும். கடைசியாக, ஒரு துவாயை மடித்து மதிலின்மேல் வைத்து, பைனோகுலரை அதன்மேல் இருத்தி, கண்ணை மட்டும் கிட்டக் கொண்டு போங்கள். மலை அசையாமல் நிற்கும்.

ஏந்துவது, ஊன்றுவது, இருத்துவது ஆகிய மூன்று நிலைகளும் ஒரே கருவியை மூன்று விதமாகத் தாங்குகின்றன. புகைப்படக் கருவி, நில அளவையாளரின் தியோடலைட், விளையாட்டு வீரரின் ரைபிள், கண்டி அரசின் காட்டுப்படை சுமந்து சென்ற சிறு பீரங்கி எல்லாமே இந்த மூன்று நிலைகளுக்குள் அடங்கும். ரைபிளைத் தாங்கும் இருகாலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு தாங்குதலின் அறிவியலைப் பார்ப்போம். குறி பிசகினால் எவ்வளவு பிசகுகிறது என்பதை மில்லிமீற்றர் கணக்கில் எழுதிக் காட்டும் கருவி ரைபிள். அதனால் தாங்கலின் குணங்களை அதைப்போலத் தெளிவாகக் காட்டும் கருவிகள் குறைவு.

இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். இங்கே நாம் பேசுவது விளையாட்டுத் திடலையும் நூதனசாலையையும் இயற்பியலையும் பற்றித்தான்.

அசையாமல் நிற்கத் தெரியாத உடல்

உயிருள்ள உடல் முழுமையாக அசையாமல் இருக்காது. தசைகளுக்கு நரம்புக் கட்டளைகள் துடிப்புத் துடிப்பாகவே வருகின்றன. அதனால் நீட்டிய கை ஒரு செக்கனுக்கு 8 முதல் 12 தடவை வரை நுண்ணியதாக நடுங்குகிறது. இது நோயல்ல, எல்லா மனிதருக்கும் உண்டு. அதன்மேல் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை உந்தித் தள்ள, உடல் முழுவதும் மெல்ல அதிர்கிறது. சுவாசத்தோடு நெஞ்சும் தோளும் ஏறி இறங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில், இரண்டு பாதங்களின்மேல் நிற்கும் நெடிய உடல் முன்னும் பின்னும் ஓயாது சாய்ந்து, தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிறு அசைவுகள் தூரத்தில் எவ்வளவாகின்றன? துவக்கின் நீளம் 1 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். தோளில் பதிந்த சோங்கு அசையாதிருக்க, குழலின் முனை மட்டும் 1 மில்லிமீற்றர் விலகுகிறது. 100 மீற்றருக்கு அப்பால் அந்த விலகல் நூறு மடங்காகி 10 சென்ரிமீற்றர் ஆகிவிடும். ஒரு தடித்த காகித அட்டையின் கனம், இலக்கில் ஒரு உள்ளங்கை அகலம்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வீரரின் திறமை விளங்கும். 10 மீற்றர் காற்று ரைபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீற்றர் குறுக்களவு கொண்டது. சன்னத்தின் குறுக்களவு 4.5 மில்லிமீற்றர். சன்னத்தின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும் என்பதால், சன்னத்தின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீற்றருக்குள் விழவேண்டும். சோங்குக்கும் முனைக்கும் இடையே ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் என்று கொண்டால், முனை 0.2 மில்லிமீற்றருக்கு மேல் விலக முடியாது.

இதயத் துடிப்புக்கூட இந்த விளையாட்டில் ஒரு போட்டியாளரே. இதயத்தை மெதுவாக்கி நடுக்கத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் சுடுதல் போட்டிகளில் தடைசெய்யப்பட்டுள்ளன. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் கைத்துவக்குப் போட்டிகளில் வென்ற இரண்டு பதக்கங்களை ஒரு வட கொரிய வீரர் அந்த மருந்தின் காரணமாகவே இழந்தார்.

அடுப்புக்கு ஏன் மூன்று கல்?

லயத்து வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிய எவருக்கும் இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து முன்பே தெரியும். மூன்று கல்லும் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. நிலம் மேடு பள்ளமாக இருந்தாலும் பானை சற்றுச் சரிந்து நிற்குமே தவிர ஆடாது. நான்காவது கல்லை வைத்துப் பாருங்கள்: நான்கில் ஒன்று பெரும்பாலும் பானையைத் தொடாமல் நிற்கும், பானை இரண்டு பக்கமும் தள்ளாடும்.

காரணம் வடிவியலில் இருக்கிறது. ஒரே கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு தளம் கட்டாயம் செல்லும். அதுவும் ஒரே ஒரு தளம்தான். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாற்காலிக்குச் சமதரை வேண்டும். முக்காலிக்கு எந்தத் தரையும் போதும். மலைநாட்டில் சமதரை அரிது.

தமிழில் முக்காலி உண்டு, நாற்காலி உண்டு. இருகாலி என்ற பொருள் நம் வீடுகளில் இல்லை, ஏனென்றால் இரண்டு காலில் எதுவும் தானாக நிற்காது. அப்படியென்றால் ரைபிளின் முன்பகுதியில் பூட்டும் இரண்டு கால் தாங்கி எப்படி வேலை செய்கிறது? அதற்கும் மூன்றாவது கால் இருக்கிறது. சோங்கு பதிந்திருக்கும் தோள்தான் அது. அல்லது சோங்கின் கீழே வைத்த மணல் பை.

தாங்கிகளின் வரலாற்றையே இந்தக் கணக்கில் எழுதிவிடலாம். தாங்கி தரும் கால்களும் மனிதன் தரும் கால்களும் சேர்ந்து மூன்று ஆகவேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சுமந்த கனத்த மஸ்கட்டுக்கு ஒரு கவைக்கம்புதான் தாங்கி. நிலத்தில் ஊன்றிய கம்பு ஒரு கால், சுடுபவரின் பாதங்கள் இரண்டு கால், மொத்தம் மூன்று. இருகாலியில் தாங்கி இரண்டைத் தருகிறது, மனிதன் ஒன்றைத் தருகிறான். முக்காலியில் தாங்கியே மூன்றையும் தந்துவிடுகிறது; மனிதன் விசையை மட்டும் தொட்டால் போதும். அம்புலுவாவ மதிலில் நாம் செய்த மூன்று சோதனைகளிலும் இதே போலத்தான் உடலின் பங்கு படிப்படியாகக் குறைந்து மதிலின் பங்கு கூடியது.

கண்டியரின் கொடிதுவக்கு

1505இல் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தபோது அவர்களோடு துவக்கும் வந்தது. துவக்கு என்ற சொல்லே பயணப்பட்டு வந்தது. துருக்கியரின் துபெக் இந்தியக் கரைகளில் துப்பாக்கியாகி, ஈழத்தில் தமிழருக்குத் துவக்காகவும் சிங்களவருக்குத் துவக்குவாகவும் நிலைத்தது. சில தலைமுறைகளுக்குள்ளேயே சிங்களக் கம்மியர் குழல் செய்வதில் கைதேர்ந்துவிட்டனர். 1580களில் கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன், இலங்கையில் செய்யப்பட்ட துவக்குக் குழல்களின் அழகைத் தம் நூலில் வியந்து எழுதியிருக்கிறார்.

கண்டி இராச்சியத்தின் பாதுகாப்பு காட்டிலும் கணவாயிலும் இருந்தது. 1638 மார்ச் மாதம் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை அழிந்ததும் அந்த நிலத்தின் துணையோடுதான். சக்கரம் பூட்டிய பீரங்கி இந்த மலைப்பாதைகளில் ஏறாது. அதற்குக் கண்டியர் கண்ட விடையே கொடிதுவக்கு.

அது துவக்குக்கும் பீரங்கிக்கும் இடைப்பட்ட ஆயுதம். குட்டையான கனத்த குழல், அதைத் தழுவிய மரக்கட்டை, முன்னே இரண்டு மரக் கால்கள். கட்டையின் பின்பகுதி ஒடுங்கி நீண்டு சரிந்து நிலத்தைத் தொடும். ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு காட்டுவழியே ஓடலாம். நினைத்த இடத்தில் இறக்கி வைத்துச் சுடலாம். காலை மடக்கிக் குந்தியிருக்கும் அதன் தோற்றத்துக்கு ஏற்ப ஆங்கிலேயர் அதை வெட்டுக்கிளி என்று அழைத்தனர். கொடிதுவக்கு என்ற பெயர் இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வாழ்கிறது.

அதன் வடிவத்தை நம் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். முன்னே இரண்டு கால், பின்னே நிலத்தைத் தொடும் வால். இருகாலிதான், ஆனால் மூன்றாவது காலை மனிதத் தோளிடம் விடாமல் மரமே தந்துவிட்டது. அந்தக் கனத்த குண்டின் உதைப்பைத் தோளால் வாங்க முடியாது. ஆகவே தோளை நீக்கிவிட்டு நிலத்தையே மூன்றாவது காலாக்கினார்கள். பாறையும் வேரும் நிறைந்த தரையிலும் அது ஆடாமல் நின்றிருக்கும், மூன்று கல் அடுப்பு நிற்பதைப் போல.

கணவாயின் மேலிருந்து கீழே வரும் பாதையைக் குறிவைக்கும்போது இரண்டு கால்களும் தாழ்ந்த பக்கம், வால் உயர்ந்த பக்கம் அமையும். இன்று எந்த நில அளவையாளரும் சரிவில் தியோடலைட்டின் முக்காலியை நிறுத்தும்போது இதையேதான் செய்கிறார்: இரண்டு கால் கீழே, ஒரு கால் மேலே. சரிவில் எடை கீழ்நோக்கியே சாயப் பார்க்கும். அந்தப் பக்கம் அகன்ற அடி வேண்டும். 1800இல் தொடங்கிய இலங்கை நில அளவைத் திணைக்களம் இந்த மலைகளை முக்கோணம் முக்கோணமாக அளந்து வரைபடமாக்கியபோது, ஒவ்வொரு உச்சியிலும் முதலில் ஊன்றப்பட்டது கருவி நிற்கும் தாங்கிதான். தாங்கி நகர்ந்தால் முக்கோணமும் பிழைத்துவிடும்.

மரவேலையின் அறிவு இந்த மண்ணில் ஆழமானது. கம்பளை அரசர் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு தொடர்புடைய எம்பெக்கே தேவாலயத்தின் கூரையில் 26 கைமரங்கள் ஒரே பெரிய மர முளையில் வந்து கூடுகின்றன. எடை எந்த வழியாக நிலத்துக்கு இறங்குகிறது என்று முன்கூட்டியே கண்ட தச்சர்களின் வேலை அது. எடைக்கு ஒரு வழி அமைத்துக் கொடுப்பதுதான் தாங்குதல். கூரைக்கும் கொடிதுவக்குக்கும் அது பொது.

சன்னம் வெளியேறும் முன்பே நகரும் துவக்கு

அசையாமல் வைத்துவிட்டால் தாங்கியின் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. அதன் கடினமான வேலை விசையை அழுத்திய பிறகுதான் தொடங்குகிறது.

10 கிராம் சன்னம் செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தில் 4 கிலோகிராம் ரைபிளிலிருந்து வெளியேறுகிறது என்போம். உந்தக் காப்பு விதிப்படி ரைபிள் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் பின்னுதைக்கும்; வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். முக்கியமான கேள்வி இதுதான்: சன்னம் குழலுக்குள் இருக்கும்போதே ரைபிள் எவ்வளவு நகர்ந்திருக்கும்? எடைகளின் விகிதம் 1க்கு 400. சன்னம் 60 சென்ரிமீற்றர் குழலைக் கடக்கும்போது ரைபிள் அதில் நானூறில் ஒரு பங்கு, அதாவது 1.5 மில்லிமீற்றர் பின்னே போயிருக்கும். இதெல்லாம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள்.

நேர் பின்னே போனால் கவலையில்லை. ஆனால் குழல் மேலே இருக்கிறது, தோள் சற்றுக் கீழே இருக்கிறது. ஆகவே துவக்கு பின்னே போகும்போதே முனை மேலெழவும் பார்க்கிறது. அந்த 1.5 மில்லிமீற்றர் பயணத்தில் தாங்கி எப்படி நடந்துகொள்கிறது என்பதே சன்னம் எங்கே விழும் என்பதை மாற்றிவிடும். கற்பாறைமேல் நேரே வைத்த ரைபிள் கல்லை உதைத்து எம்பும். குறி மேலே போகும். அதே பாறைமேல் மடித்த சாக்கை வைத்தால் எம்பல் குறையும். இன்னொன்று: வெடிப்பின் அதிர்வில் குழல் சுண்டிய கம்பி போலத் துடிக்கிறது. குழலையே தாங்கியில் வைத்தால் அந்தத் துடிப்பு தாங்கும் இடத்துக்கேற்ப மாறி, குறியும் மாறும். அதனால் எப்போதும் குழலைத் தாங்கக் கூடாது. அதன் கீழுள்ள முன்கட்டையையே தாங்கவேண்டும்.

மிகச் சிறந்த தாங்கி என்பது மிக இறுக்கமான தாங்கி அல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இடம்கொடுக்கும் தாங்கியே சிறந்தது. துவக்கு நகரத்தான் போகிறது. நேற்று நகர்ந்தது போலவே இன்றும் நகர்ந்தால் குறியைச் சரிசெய்து கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நகர்ந்தால் எந்தத் திருத்தமும் உதவாது.

சரிவும் சாய்வும்

கம்பளையைச் சுற்றி எங்கே படுத்தாலும் ஒரு முழங்கை மேலே, ஒரு முழங்கை கீழே இருக்கும். இரண்டு கால்களும் சம நீளமாக இருந்தால் ரைபிள் நிலத்தோடு சேர்ந்து ஒரு பக்கம் சாயும். குறிக்கண்ணாடியின் குறுக்குக் கோடு இலக்கின்மேல் சரியாகவே இருக்கும். ஆனாலும் சன்னம் விலகிப் போகும். ஏன்?

சன்னம் குழலைவிட்ட கணத்திலிருந்தே விழத் தொடங்குகிறது. 300 மீற்றரைக் கடக்க 0.43 செக்கன் ஆகிறது என்றால் அதற்குள் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் விழுந்துவிடும். அதை ஈடுசெய்ய, குழல் சற்று மேல்நோக்கி இருக்கும்படி குறி அமைக்கப்பட்டிருக்கிறது. துவக்கு 5 பாகை சாய்ந்தால் அந்த மேல்நோக்கும் சாய்ந்த திசைக்குத் திரும்பிவிடும். புவியீர்ப்போ நேர் கீழேதான் இழுக்கும். 90 சென்ரிமீற்றரை 5 பாகையின் சைன் மதிப்பான 0.087ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் பக்கவாட்டு விலகல் வரும். 300 மீற்றர் போட்டி இலக்கின் பத்தாம் வளையத்தின் ஆரை 5 சென்ரிமீற்றர்தான். கண்ணில் எளிதில் படாத 5 பாகைச் சாய்வு ஒரு புள்ளியைப் பறித்துவிடும்.

சமதரையில் போட்டியிடுபவருக்கு நிலையான கால்கள் போதும். மலையகத்து நிலத்துக்குக் கால்கள் தனித்தனியே நீளம் மாறவேண்டும். தலைப்பகுதி இரு பக்கமும் சாய்ந்து, சாய்த்த இடத்தில் இறுகவும் வேண்டும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முன்கால்களுக்கு இடையே 24 சென்ரிமீற்றர், அங்கிருந்து பின் ஊன்று புள்ளிவரை 80 சென்ரிமீற்றர், எடை மையம் நடுவே என்று ஒரு மாதிரி எடுப்போம். எடை மையத்துக்கு நேர் கீழே அந்த முக்கோணத்தின் அரை அகலம் 6 சென்ரிமீற்றர் மட்டுமே. மையம் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 22 பாகை சாய்ந்தாலே கவிழும். 25 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினால் 13 பாகையிலேயே கவிழும். உயர்ந்த கால் வசதி; தாழ்ந்த கால் நிலைப்பு. புல்லும் புதரும் மறைக்காத அளவுக்கு மட்டுமே உயர்த்துவது நல்லது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கடையில் இருகாலியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் காலைத்தான் பார்ப்பார்கள். முதலில் கேட்கவேண்டியது மூன்றாவது காலைப் பற்றி: பின்னே தாங்கப்போவது தோளா, பையா, நிலமா? தோள் என்றால் உடலைச் சற்று முன்னே தள்ளி, இருகாலியின்மீது மெல்லிய அழுத்தம் கொடுத்துப் பிடிக்கவேண்டும். அந்த அழுத்தத்தில் வளையாத கால்களும் வழுக்காத பாதங்களும் அதற்குத் தேவை. பின்னே மணல் பை என்றால் அழுத்தம் குறைவு. பையின் உயரத்தைக் கையால் பிசைந்தே குறியை ஏற்றி இறக்கலாம். அரிசியோ பயறோ நிரப்பிய சிறு துணிப்பையும் இதற்குப் போதும். தானியம் நெருங்கி அமர்ந்ததும் ஒரே உருவில் நிற்கும்.

இரண்டாவது, பூட்டும் இடம். முன் தாங்கலுக்கும் பின் தாங்கலுக்கும் இடையே அரை மீற்றர் என்றால், ஏதாவது ஒரு முனையில் அரை மில்லிமீற்றர் அமிழ்வு 100 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் பிழையாகும். இடைவெளியை முக்கால் மீற்றராக்கினால் அதே அமிழ்வின் பிழை 7 சென்ரிமீற்றருக்குக் கீழே இறங்கும். முன்கட்டையில் இருகாலியை எவ்வளவு முன்னே பூட்ட முடியுமோ அவ்வளவு முன்னே பூட்டுவது இதனால்தான்.

மூன்றாவது, பாதம். சிமெந்துத் தளத்துக்கு இறப்பர், மண்ணுக்குக் கூர்முனை. கண்டிச் சீமையின் மழைக்காலச் செம்மண்ணில் கூர்முனை மெல்ல மெல்லப் புதைந்துகொண்டே போகும். அங்கே அகன்ற தட்டையான பாதமே தகும். நான்காவது, ஆட்டம். காலை விரித்து, உச்சியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மூட்டில் கிளுகிளுப்பு இருந்தால் அந்த இருகாலி ஒவ்வொரு சூட்டிலும் வேறு இடத்தில் அமரும்.

கடைசியாக எடை. கனடாவைச் சேர்ந்த ஜோர்ஜ் பார்குவார்சன் என்ற மூத்த வீரர், வயது ஏற ஏறத் தோற்பட்டிப் பிடியில் படுத்துச் சுடுவது கடினமாகியபோது, தாங்கி வைத்துச் சுடும் ஒரு போட்டி வகையைத் தொடங்கிவைத்தார். அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்தாலேயே அது இன்று எப் வகுப்பு என்று உலகெங்கும் நடக்கிறது. அதில் இருகாலிப் பிரிவுக்கு இருகாலியையும் சேர்த்து ரைபிளின் எடை 8.25 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. கனத்த இருகாலி அதிகம் நிலைக்கும். ஆனால் அதற்குக் கொடுத்த ஒவ்வொரு கிராமும் குழலிலிருந்து குறைக்கவேண்டிய கிராம். இந்தப் பேரம் மலையேறுபவருக்கும் பொருந்தும்: தோளில் சுமக்கும் எடை மூச்சை வாங்கும், மூச்சு வாங்கினால் குறி ஆடும். தாங்கி தந்த நிலைப்பை அதன் சுமையே தின்றுவிடக் கூடாது.

தாங்கி இல்லாத வீரரும், நிலைப்புத் தராத தாங்கியும்

ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இருகாலிக்கு இடமில்லை. 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் இலங்கையின் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலி விக்கிரமசிங்கவும் காற்று ரைபிள் இணையர் போட்டியில் தங்கம் வென்றபோது, அவர்கள் நின்ற நிலையில் தம் எலும்புகளையே தாங்கியாக்கினார்கள். இடது முழங்கை இடுப்பெலும்பில் அமரும், முதுகு சற்றுப் பின்னே சாயும். 5.5 கிலோகிராம் வரை இருக்கக்கூடிய ரைபிளின் எடை முன்கை எலும்பு, இடுப்பு, கால் வழியாக நிலத்துக்கு இறங்கும். தசை களைக்கும், நடுங்கும். எலும்பு களைக்காது. எடைக்கு எலும்பின் வழி, விசைக்கு மட்டும் தசை என்று பிரித்துவிடுவதே அந்தப் பயிற்சியின் சாரம்.

இதற்கு மறுபக்கம் பரா ஒலிம்பிக் போட்டியில் இருக்கிறது. கைகளில் ஏற்பட்ட பாதிப்பால் ரைபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்எச் 2 என்ற பிரிவு உண்டு. அவர்களுக்கு ரைபிளைச் சுமக்கும் நிலைத் தாங்கி ஒன்று அனுமதிக்கப்படுகிறது. அந்தத் தாங்கியின் தலையில் ரைபிள் இறுகப் பூட்டப்படுவதில்லை. ஒரு சுருள்வில்லின் மேல் அமர்கிறது. வில் எடையைச் சுமக்கும், ஆனால் அசைவைத் தடுக்காது. குறியை நிலைநிறுத்தும் வேலை முழுவதும் வீரருடையது.

தாங்குதல், நிலைநிறுத்துதல் என்ற இரண்டையும் நாம் ஒன்றாகவே எண்ணி வந்தோம். சுருள்வில் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. போர் பலரின் கை கால்களைப் பறித்த இந்தத் தீவில் இந்தப் பொறியியல் எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுகிறது. ஒருவரால் இயலாததை மட்டும் தாங்கி எடுத்துக்கொள்கிறது. இயன்றதை அவரிடமே விட்டுவைக்கிறது. நல்ல தாங்கிக்கு இதைவிடச் சரியான வரையறையை நான் அறியேன். கவைக்கம்பு எடையை மட்டும் எடுத்துக்கொண்டது. இருகாலி எடையோடு பாதி நடுக்கத்தையும் எடுத்துக்கொண்டது. கொடிதுவக்கின் வால் தோள் தாங்கமுடியாத உதைப்பை எடுத்துக்கொண்டது.

அந்த வரையறையைச் சோதிக்க, போட்டியாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. குண்டு போடாத ரைபிளை இருகாலியில் வைத்துக் குறிபார்க்கவேண்டும். கண்ணை மூடி, இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, மறுபடி கண்ணைத் திறக்கவேண்டும். குறி இருந்த இடத்திலேயே இருந்தால் மூன்று கால்களும் தம் பங்கைச் செய்கின்றன. விலகியிருந்தால், இதுவரை குறியைப் பிடித்து வைத்திருந்தது தசை. அப்போது ரைபிளைத் திருகக் கூடாது. உடலை நகர்த்தவேண்டும், பின்பையை ஏற்றி இறக்கவேண்டும். மூன்றாவது காலைத் திருத்தவேண்டும்.

ரைபிள் இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். அடுத்த தடவை அம்புலுவாவ ஏறும்போது பைனோகுலரை மதில்மேல் துவாயில் இருத்தி, சிவனொளிபாதமலையை நடுவில் கொண்டுவந்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். கண் திறக்கையில் மலை நடுவிலேயே நின்றால், உங்கள் கை விட்ட வேலையை மதில் எடுத்துக்கொண்டுவிட்டது.